பெருங்களத்தூரில் மாற்றிய எஞ்சின்

சாலையும் சக்கரமும் – 14

எஞ்சின் மாற்றிய கார் என்றதும் புதுப்பேட்டைப் பட்டறையும், இரவோடு இரவாக நடக்கும் வெல்டிங்கும்தான் பலருக்கு நினைவு வரும். சென்னையின் மிகப் பெரிய எஞ்சின் மாற்றத்தைச் செய்ததோ ஒரு கார் தொழிற்சாலை. ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் அருகே இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000தான் அந்தக் கார்.

அதன் உடம்பு ரோவர் எஸ்.டி.1 என்ற இங்கிலாந்துக் காருடையது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற வண்டி அது. வடிவமைத்த டேவிட் பேஷ், ஃபெராரி டேடோனாவின் சாயலை நான்கு கதவுகளுக்கு மேல் ஐந்தாவதாகப் பின்கதவும் கொண்ட ஒரு குடும்பக் காருக்குள் கொண்டுவந்தார். தாழ்ந்த மூக்கும் சரிந்த முதுகுமாக, அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் நடுவே அது நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். ரோவரில் பானெட்டுக்குள் முதலில் இருந்தது 3,528 சிசி, எட்டு சிலிண்டர், 155 குதிரைத்திறன். பெருங்களத்தூரில் அதே பானெட்டுக்குள் போனது 1,991 சிசி, நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன். 1,300 கிலோவுக்கு மேல் எடையுள்ள காருக்கு ஏறக்குறையப் பாதி பலம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? கையில் இருந்த எஞ்சின் அதுதான். இறக்குமதிக்கு ஆயிரம் தடைகள் இருந்த காலம். நிறுவனத்தின் வேன்களுக்காக ஏற்கெனவே வார்த்துக்கொண்டிருந்த எஞ்சினைக் காருக்கும் வைத்தார்கள். அதை மட்டமான எஞ்சின் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாற்பதுகளின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காருக்காகப் பிறந்த அந்த எஞ்சின் குடும்பம், ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதது. 1953இல் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி, இதே 1,991 சிசி அளவில் 90 குதிரைத்திறன் கொடுத்தது. இரண்டு பேர் உட்காரும், ஒரு டன் கூட இல்லாத டி.ஆர்.2க்கு அது தாராளம். ஆக, எஞ்சின் நல்ல எஞ்சின், உடம்பும் நல்ல உடம்பு. ஜோடிதான் பொருந்தவில்லை.

எரிபொருளை மிச்சப்படுத்தும் கார்களுக்கு அன்றைய அரசு வரிச்சலுகை தந்துவந்தது. ஸ்டாண்டர்ட் 2000 உண்மையில் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதில் அரசுக்கும் நிறுவனத்துக்கும் தகராறு முற்றியது. 1988இல் உற்பத்தி நின்றது.

இந்தக் காரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இளைஞர்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு டர்போ வைத்திருந்தால் பிழைத்திருக்குமா? ஆசையில் எழும் கேள்வி என்றாலும், கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி.

டர்போ ஒன்றும் அந்நியச் சரக்கு அல்ல. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளலாம் என்று ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. ஸ்டாண்டர்ட் 2000 சாலைக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே டர்போவின் பெயர் இந்த ஊருக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் நம் ஊர் டர்போவின் பிழைப்பு டீசல் லாரியில். டீசல் எஞ்சின் வெறும் காற்றைத்தான் அமுக்குகிறது. கூடுதலாகத் தள்ளினால் தாங்கும். பெட்ரோல் எஞ்சின் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. சூடு எல்லை தாண்டினால் ப்ளக் பொறி விடுவதற்கு முன்போ பின்போ கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். பிஸ்டன் ஓட்டையாவதும் ஹெட் கேஸ்கெட் போவதும் இதனால்தான்.

இனி கணக்கு. சென்னையின் மே மாதப் பகல், 40 டிகிரி. டர்போ அரை பார் அழுத்தம் கூட்டுகிறது, அதன் செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் போகும் காற்று சுமார் 95 டிகிரிக்குச் சூடேறிவிடும். இதே டர்போ, 15 டிகிரி குளிரில் இருக்கும் ஐரோப்பிய ஊரில் 65 டிகிரிக் காற்றைத்தான் தரும். சூடான காற்று லேசான காற்று. அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கியும் காற்றின் எடை கால் பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. 83 குதிரைத்திறன் போய்ச் சேருமிடம் 105 வாக்கில். நடுவில் இன்டர்கூலர் வைத்துக் காற்றை 60 டிகிரிக்கு இறக்கினால் 115ஐத் தொடலாம். அன்றைக்குக் கிடைத்ததோ 87, 93 ஆக்டேன் பெட்ரோல். க்ராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். சிலிண்டர் லைனர்கள் தண்ணீருக்குள் நிற்கும் வகை. அடியில் எட்டு வடிவ கேஸ்கெட். கொஞ்சம் அசைந்தாலும் தண்ணீர் ஆயிலோடு சேரும். ரோவரின் பழைய 155ஐ இந்த எஞ்சினிடம் கேட்பது கொடுமை.

இதில் ஓர் ஆச்சரியமான உறவுமுறை உண்டு. ரோவரின் எட்டு சிலிண்டர் எஞ்சின் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கியது. முதலில் ப்யூக் காரில் ஓடியது. அதற்கு அண்ணன் தம்பி முறையான இன்னொரு எஞ்சின்தான் 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் டர்போவோடு வந்தது. கடைக்குப் போய் வாங்கக்கூடிய டர்போ கார்களில் உலகின் முதல் இரண்டில் அது ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி ஓட்ட வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானாகக் குறைந்துவிடும். வண்டி இழுக்கவில்லை என்று புகார் வரும். 1963ஓடு அந்தக் கார் நின்றது. பலருடைய வண்டியில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

எஞ்சினுக்குள் நடப்பதை ஓட்டுபவர் கவனிக்காவிட்டால் இதுதான் கதி. அதனால்தான் டர்போ ஆசையோடு வருகிறவர்களிடம் மீட்டரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். எஞ்சின் மாறிய காரில் பழைய மீட்டர் பொய் சொல்லும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் காயிலிலிருந்து ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். எட்டு சிலிண்டரில் நான்கு. எட்டு சிலிண்டர் ஆர்.பி.எம். மீட்டரை அப்படியே நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குக் கொடுத்தால் 4,000 சுற்றை 2,000 என்று காட்டும். ஆயில் அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்டர் (sender) இன்னும் மோசம். ஐரோப்பிய வகை ஒன்று அழுத்தம் ஏற ஏற 10 ஓமிலிருந்து 180 ஓமுக்குப் போகும். அமெரிக்க வகை 240இலிருந்து 33க்கு இறங்கும். ஒன்றின் சென்டரையும் மற்றதன் மீட்டரையும் இணைத்தால் ஆயில் போனபோது முள் நிமிர்ந்து நிற்கும்.

சொந்தமாக மீட்டர் கட்டுவது இன்று கைக்கெட்டிய வேலை. முள்ளை நகர்த்த 315 டிகிரி சுழலும் சிறிய ஸ்டெப்பர் மோட்டாரும், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். சென்டர்களுக்கு ஜி.பி. ரோடு. கடினமான வேலை அளவை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. வெப்ப சென்டரை முதலில் உருகும் ஐஸில் வையுங்கள், பூஜ்யம். பிறகு கொதிக்கும் தண்ணீரில். மயிலாப்பூர் கடல் மட்டத்தில் இருப்பதால் அது 100 டிகிரி. இதையே ஊட்டியில் செய்தால் 92, 93தான் வரும். சென்டரின் மறையில் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்குவது நம் பட்டறைகளில் பழக்கம். ஒற்றை ஒயர் சென்டருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். டேப் அதை மறித்தால் மீட்டர் தாறுமாறாக ஆடும்.

புகை வெப்பத்தைப் பார்க்கும் மீட்டரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதற்கான கே வகைத் தெர்மோகப்பிள் 900 டிகிரியில் கொடுப்பதே சுமார் 37 மில்லிவோல்ட். வழியில் சாதாரணச் செம்பு ஒயரைப் போட்டு நீட்டினால் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கேற்ப அளவு பிசகும். அதே வகை ஒயரையே ஆம்ப்ளிஃபையர் வரை இழுக்க வேண்டும். காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்துக்கு இன்னொரு மீட்டர்: சாதாரண ஓட்டத்தில் 14.7, டர்போ அழுத்தும்போது 12க்குக் கீழே. இந்த எண் 13, 14 என்று ஏறுவதைப் பார்த்தும் ஆக்ஸிலேட்டரை விடாதவருக்கு அடுத்த செலவு பிஸ்டன்.

பந்தயக் கார்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எல்லா மீட்டரையும் திருப்பி மாட்டி, சரியான நிலையில் முட்கள் அனைத்தும் நேர் மேலே பார்க்கும்படி வைப்பார்கள். எண்ணைப் படிக்கவே வேண்டாம். எது சாய்ந்திருக்கிறது என்பது ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். சொந்த டயல் அச்சடிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம். தி.நகர் உஸ்மான் சாலையில் மாலை ஆறு மணிக்கு டர்போ மீட்டரின் முள் வெற்றிடப் பக்கத்திலேயே கிடக்கும். அங்கே ஹீட் மீட்டரும் ஆயில் பிரஷரும்தான் பேசும். அவை இரண்டும் பெரிதாக, கண்ணுக்கு நேராக இருக்கட்டும். ஓடி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆயிலால் மட்டும் குளிரும் பழைய டர்போவில், நின்ற ஆயில் பேரிங்கில் கரியாகப் படியும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. டர்போ ஏற்றிய காரை அடையாறு எல்.பி. சாலையில் ஓட்ட வழியில்லை. வேகம் வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது, 1990 முதல்.

ஸ்டாண்டர்ட் 2000க்கு டர்போ வைக்கலாமா என்றால், தடத்தில் ஓட்டுவதற்காக, வேறு எஞ்சினோடு, வேறு உடம்பில் செய்யுங்கள் என்பதே என் பதில். அந்தக் கார் மிகக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. உங்கள் வீட்டு ஷெட்டிலோ, தாத்தா வீட்டுப் பின்கட்டிலோ ஒன்று நின்றால், தயவுசெய்து அந்த 1,991 சிசி எஞ்சினைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். ஆயில் மாற்றி, கேஸ்கெட் மாற்றி, அதே எஞ்சினோடு ஓட வையுங்கள்.

(தொடரும்)