மதுரைக்குத் துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்தான்

மதுரை பெருங்குடி விமான நிலைய வாசலில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் டிக்கெட் தாளை நீட்டிக் கேட்டார். "எம் மகன் போகையில ராத்திரி பதினொண்ணுக்கு ஏறி, விடியக்காலம் அஞ்சரைக்குத்தான் சிங்கப்பூர்ல எறங்குனான். இப்ப அங்க எட்டுக்கு ஏறி, இங்க ஒன்பதரைக்கு வந்துருவான்னு போட்டிருக்கு. வரும்போது மட்டும் அம்புட்டு வேகமாவா வருது?"

நியாயமான கேள்வி. போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றுதான் தாள் காட்டுகிறது. ஆனால் ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி அச்சாகியிருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறது. போகையில் அதைக் கழித்து, வருகையில் கூட்டிப் பாருங்கள்: இரு பக்கமும் நான்கு மணி நேரம்தான். துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தி இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழ்.

அந்த இரண்டரையில் அரை மணி, சூரியன் கொடுத்ததல்ல. 1982 புத்தாண்டில் மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

இனி தூரம். உலக உருண்டையில் ஒரு நூலை மதுரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சிங்கப்பூர்வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஈழத்து வன்னிமேல் ஏறி, வங்கக்கடலையும் சுமத்ராவின் வடபகுதியையும் கடக்கும். சுமார் 3,010 கிலோமீட்டர். விரலை எடுக்காமல் நூலைத் துபாய்க்குத் திருப்பினால் மலபார்க் கரை, அரபிக்கடல், ஓமன் வழியாகச் சுமார் 2,950. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வித்தியாசம் திண்டுக்கல் போகிற தூரம்தான்! கொழும்போ 350 கிலோமீட்டர்தான். ஆகாய வழியில் சென்னையைவிட அதுவே நமக்குப் பக்கம். 2012-இல் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் பறந்ததும் அங்கேதான்.

மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டின் நான்கு மணி நேரம்.

அதையும் காற்று கொஞ்சம் மாற்றும். ஆடியில் நம் ஊரில் மண்ணை வாரி இறைப்பது மேல்காற்று. ஆனால் விமானம் பறக்கிற 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் அதே ஆடியில் கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது; இன்னும் மேலே போனால் அதன் வேகம் கூடுகிறது. தென்னிந்திய வானில் ஓடும் இந்தக் கீழைத் தாரைக் காற்றை 1958-இல் விரிவாக எழுதிக் காட்டியவர் நம் நாட்டு வானிலையாளர் கோடேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிற விமானம் எதிர்காற்றில் சில நிமிடங்களை இழக்கும். திரும்புகையில் முதுகில் காற்று தள்ளும்.

ஆடியில் மகனை அழைக்க வருகிறவர்கள் மேலூரிலிருந்து கால்மணி முன்னதாகவே கிளம்பிவிடலாம்.