பால்சா போர்த்திய இறக்கை

மாதிரி விமான இறக்கை, குறுக்குவெட்டு

முன்விளிம்பை மூடியிருப்பது 1.5 மி.மீ. பால்சா ஷீட். இந்தத் தென் அமெரிக்க மரம் கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோதான் இருக்கும். தேக்கு ஏறக்குறைய 650 கிலோ.

போர்த்தும் முறை
ஷீட்களின் ஓரத்தை எஃகு ஸ்கேல் வைத்து நேராக வெட்டி, பக்கத்தோடு பக்கம் ஒட்டி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மர நார் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் நனைத்தால் அந்தப் பக்கம் விரிந்து, ஷீட் விலாச்சட்டங்களின் மேல் வளைந்து கொடுக்கும். அந்த வளைவிலேயே உலரவிட்டு, பசை தடவி, குண்டூசி குத்துவார்கள். பசை இறுகும்வரை இறக்கை சமதளப் பலகையை விட்டு நகரக் கூடாது. முறுக்கோடு காய்ந்த இறக்கை நேராகப் பறக்காது. மேல், கீழ் ஷீட்கள் நடுச்சட்டத்தோடு சேர்ந்து மூடிய குழாயாகின்றன. இறக்கை முறுக்கத்தைத் தாங்குவது இதனால்தான்.

கடற்காற்று
கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் காற்றில் ஈரம் அதிகம். பால்சா அதை உறிஞ்சிக் கனக்கும், நெளியும். வேலை முடிந்ததும் வார்னிஷ் பூசியோ ஃபிலிம் ஒட்டியோ மரத்தை மூடிவிட வேண்டும்.

பெரிய விமானத்திலும்
1940-இல் முதன்முதல் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடற்பகுதி, இரண்டு பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்யப்பட்டது. இன்றைய காற்றாலை இறகுகளின் உள்ளீட்டிலும் பால்சா உண்டு.

மாணவர்களே, என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்யும் பயிற்சி உண்டு. சேர்ந்து, உங்கள் கையாலேயே ஓர் இறக்கை செய்து பாருங்கள்.