வெனிஸில் ஒரு பகல்

வட இத்தாலியில் போ நதிக்கரையோரமாகச் சைக்கிள் யாத்திரை செய்த நாங்கள், வெனிஸ் நகருக்கென ஒரு நாளை ஒதுக்கினோம். அந்நகருக்குள் சைக்கிள் ஓட்டுவது மட்டுமன்று, கையால் உருட்டிச் செல்வதும் தடுக்கப்பட்டிருக்கிறது! ஆகவே கரையிலுள்ள மெஸ்த்ரேயில் வண்டிகளை விட்டுவிட்டு ரயிலேறினோம். கடற்கழியின் குறுக்கே போகும் ரயில் பாலம் ஆஸ்திரியர் ஆட்சியில் 1846-ல் திறக்கப்பட்டது.

அவ்வந்நிய ஆட்சியை 1848 மார்ச்சு மாதத்தில் உதறியெறிந்த நகரம் இது. சிறையிலிருந்த டேனியேல் மானின் என்னும் வக்கீலை ஜனங்கள் மீட்டுத் தலைவராக்கினார்கள். குடியரசு 17 மாதங்கள் நிலைத்தது. முற்றுகை, பீரங்கிக் குண்டு, பட்டினி, காலரா எல்லாம் சேர்ந்துதான் 1849 ஆகஸ்டில் அதைப் பணியவைத்தன. மானின் சதுக்கத்தில் அவருடைய சிலை நிற்கிறது; கீழே சிறகுள்ள சிங்கம். படம் பிடிக்கும் கூட்டமெல்லாம் ஸான் மார்க்கோ ஆலயத்தண்டை மொய்த்திருந்ததால், இங்கே சாவகாசமாக நிற்க முடிந்தது.

ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக் கடைக் கண்ணாடியில், பழைய நகரில் வசிப்போர் தொகையைக் காட்டும் பலகையொன்றை 2008-ல் வைத்தார்கள். 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த இடத்தில், 2022-ல் தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பிரயாணிகளின் விடுதிகளாகின்றன. குடித்தனக்காரர் மெஸ்த்ரேக்குப் போய்விடுகிறார்கள்.

பகலில் வந்து பகலிலேயே திரும்புவோருக்குச் சில தினங்களில் நுழைவு வரி உண்டு. 2024-ல் ஐந்து யூரோவாகத் தொடங்கியது. எங்களைப் போன்றோரை உத்தேசித்தே விதித்தது, முணுமுணுக்க நியாயமில்லை. வெனிஸில் பிறந்து வெளியூரில் குடியேறியவர்கள் தங்கள் ஊரைப் பார்க்க வந்தால், அவர்களுக்கு அவ்வரி கிடையாது.