ஊகிக்கும் எந்திரத்துக்கு மூக்கணாங்கயிறு

நாளை தாம்பரத்தில் மழை பெய்யுமா? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவர் இருக்க மாட்டார். இதே கேள்வியை வைத்து ஒரு சந்தையே நடத்தலாம் என்றால் நம்புவீர்களா?

அந்தச் சந்தையில் விற்கும் சரக்கு ஒரே ஒரு வகைச் சீட்டு. நாளை மழை பெய்தால், சீட்டு வைத்திருப்பவருக்குப் பத்துப் புளியங்கொட்டைகள் கிடைக்கும். பெய்யாவிட்டால் ஒன்றும் கிடையாது. இன்று அந்தச் சீட்டு ஆறு கொட்டைக்கு விற்கிறது என்றால் என்ன பொருள்? மழைக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு உண்டு என்று சந்தையில் கூடியவர்கள் கருதுகிறார்கள் என்பதே! விலையே நிகழ்தகவைச் சொல்லிவிடுகிறது. இதற்கு முன்கணிப்புச் சந்தை என்று பெயர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டு, தேர்தல் முடிவை வைத்து இத்தகைய சந்தை ஒன்றை ஆராய்ச்சிக்காகத் தொடங்கினார்கள்.

இன்று இப்படிப்பட்ட சந்தைகளில் மனிதர்களோடு கணிப்பொறி நிரல்களும் வாங்கி விற்கின்றன. ‘பாட்’ எனப்படும் இந்தத் தானியங்கிகளுக்குக் களைப்பு கிடையாது, அச்சமும் கிடையாது. அதுதான் ஆபத்து. ஆகவே, ஓடவிடும் முன்பே சில எண்களை நாம் அமைத்துத் தரவேண்டும். வண்டிமாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, அப்படித்தான் இந்த எண்களும்.

எந்த மழைமானி?

முதலில் கேள்வியே தெளிவாக இருக்கவேண்டும். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. மீனம்பாக்கத்தில் 35 செ.மீ.; நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மீனம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டியதும் தாம்பரம்தான். அதற்குள் இவ்வளவு வேறுபாடு! “சென்னையில் 40 செ.மீ.க்கு மேல் பெய்ததா?” என்று கேட்டால், ஒரு மழைமானி ஆம் என்கும், மற்றொன்று இல்லை என்கும். எந்த மானி, எந்த நேரம் என்பதைக் குறிப்பிடாவிட்டால், எந்திரம் ஒரு கேள்விக்குக் கணக்குப் போட்டு வேறொரு கேள்விக்குப் பந்தயம் கட்டிவிடும்.

எவ்வளவு வேறுபாடு?

சீட்டின் விலை 6. நம் கணக்குப்படி மழைக்கு 80 விழுக்காடு வாய்ப்பு. அப்படியானால் ஒரு சீட்டின் சராசரி மதிப்பு 8 கொட்டை, இலாபம் 2. வாங்கலாம். நம் கணக்கு 62 விழுக்காடு என்றால்? இலாபம் 0.2 கொட்டைதான். நம் ஊகத்தில் உள்ள பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும்! எனவே, “குறைந்தது 10 விழுக்காடு வேறுபாடு இருந்தால் மட்டும் வாங்கு” என்பதுபோல் ஓர் எல்லை வைக்கிறார்கள். எல்லை மிகக் குறைந்தால் எந்திரம் எல்லாவற்றின் பின்னாலும் ஓடும். மிக உயர்ந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு வைப்பது?

ஊகம் சரியாகவே இருந்தாலும் அழிந்துபோக முடியுமா? முடியும். வெற்றி வாய்ப்பு 80 விழுக்காடு என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதையெல்லாம் வைத்தால், ஒரே ஒரு தோல்வி போதும். பத்து முறையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 0.8ஐப் பத்துமுறை பெருக்கினால் வரும். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 11 விழுக்காடுதான்!

பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956இல் இதற்கு ஒரு வழி கண்டார். நம் ஊகத்துக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை (80 – 60 = 20), விலை நூறுக்கு எவ்வளவு குறைவோ அதனால் (100 – 60 = 40) வகுக்கவேண்டும். விடை அரை. அதாவது, கையிருப்பில் பாதி. ஆனால் உண்மையான வாய்ப்பு 70தான் என்றால், விடை கால் பங்காகிவிடும். ஊகம் தவறலாம் என்பதால், எச்சரிக்கையானவர்கள் கெல்லி சொன்ன அளவில் பாதியோ காலோதான் வைப்பார்கள்.

எப்போது நிறுத்துவது?

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் புதிய நிரலை நிறுவியபோது எட்டுக் கணிப்பொறிகளில் ஒன்றை விட்டுவிட்டது. அதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்தெழுந்து தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நட்டம்! “இவ்வளவு இழந்தால் நின்றுவிடு” என்னும் கட்டளை எவ்வளவு முக்கியம் என்று புரிகிறதல்லவா?

வெள்ளத்துக்கும் இதே கணக்கு

இது வெறும் வணிகர் விவகாரம் அன்று. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. தரைத்தளச் சாமான்களை மாடிக்கு ஏற்றும் சிரமத்தை 1 என்றும், நனைந்தால் வரும் நட்டத்தை 20 என்றும் கொள்வோம். வெள்ள வாய்ப்பு எவ்வளவு இருந்தால் ஏற்றவேண்டும்? 1ஐ 20ஆல் வகுத்தால் 5 விழுக்காடு. அதைத் தாண்டினாலே ஏற்றிவிடுவது நல்லது. “வராமலிருக்கத்தானே அதிக வாய்ப்பு?” என்று காத்திருப்பவர், எல்லையைத் தவறான இடத்தில் வைத்த எந்திரத்தைப் போன்றவர்.

செய்து பாருங்கள்

காசு வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. நமக்குப் புளியங்கொட்டை போதும்.

நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவுகோலால் நீரை அளந்து கொட்டிவிடுங்கள். 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் அது மழைநாள். வானிலைத் துறையின் வரையறையும் இதுவே. வகுப்பில் மூவர் குழுவாகச் சேருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 100 கொட்டைகள். வேறுபாட்டு எல்லை, ஒரு நாள் பந்தய அளவு, நிறுத்தும் எல்லை ஆகிய மூன்று எண்களையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். ஒருவர் வாய்ப்பை ஊகிக்கட்டும், ஒருவர் கணக்கு எழுதட்டும், மூன்றாமவர் ‘எந்திரம்’. அட்டை சொல்வதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யக்கூடாது!

இருபது நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். அதிகம் மிச்சம் வைத்திருப்பது நன்றாக ஊகித்த குழுவா, நன்றாக எல்லை வகுத்த குழுவா?