காலடி உயிர்கள் – 12: முதலில் பெயர், பிறகு மருந்து

2020 மே மாதக் கடைசி. ராஜஸ்தானைத் தாண்டி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை பாலைவன வெட்டுக்கிளி வந்துவிட்டது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டம் ஒரே நாளில் 35,000 பேரின் சாப்பாட்டைத் தின்று தீர்க்கும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. அந்த நேரம் பார்த்து வேப்பனப்பள்ளி பக்கம், தமிழக எல்லையோர நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்தன. ஊரே பதறியது. வேளாண் துறையினர் வந்து பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, எருக்கு வெட்டுக்கிளிதான் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல படமே போதும். எருக்கு வெட்டுக்கிளியின் உடம்பில் மஞ்சளும் நீலப்பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். பாலைவன வெட்டுக்கிளிக்கு அந்தப் பட்டைகள் கிடையாது. கூட்டமாய்ப் பறக்கத் தொடங்கும் பருவத்தில் இளஞ்சிவப்பாகவும், முதிர்ந்தால் மஞ்சளாகவும் இருக்கும். எருக்கு வெட்டுக்கிளியின் குஞ்சைப் பிடித்து அழுத்தினால் சட்டென்று ஒரு திரவத்தைப் பீய்ச்சும். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் அதற்கு அந்தத் துணிச்சல். அது உட்கார்ந்திருக்கும் செடியே பாதி அடையாளம்.

இந்தப் பதற்றத்துக்கு இரண்டு வருடம் முன்பு வந்தது நிஜமான ஆபத்து. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழகத்துக்குள்ளும் புகுந்தது. புழுவின் முகத்தில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போல வெளிர்கோடு இருக்கும். வால்பக்கம் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் கிடக்கும். முதுகை மட்டும் எடுத்த படத்தில் அந்த முகக்கோடு தெரியாது.

ஆகவே படம் எடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதுகு, பக்கவாட்டு, முகம் என்று மூன்று படம் எடுங்கள். செடியோடு சேர்த்து இன்னொன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். தேதியும் ஊரும் எழுதுங்கள். சிலந்தி என்றால் கண்களின் வரிசை தெரிய வேண்டும். குடும்பத்தைப் பிரிக்க அது பெரிதும் உதவும். பல சிலந்திகளின் இனப்பெயரை நுண்ணோக்கி இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அங்கே குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

சிப்காட் ஷிப்டு முடிந்து விளக்கடியில் பூச்சி பார்க்கும் இளைஞரும், சூளகிரித் தோட்டத்து விவசாயியும் ஒரே மாதிரிக் கைபேசியைத்தான் வைத்திருக்கிறார்கள். இளைஞர் தன் படத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். விவசாயி பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். பெயர் தெரியாமல் அடிக்கும் மருந்து, புழுவைத் தின்னும் குளவியையும் பூவுக்கு வரும் தேனீயையும் சேர்த்தே கொல்லும். விசைத்தெளிப்பானைத் தூக்கும் முன் படத்தைக் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: மாமரத்து முசுறு எறும்பைப் போல வேடமிடும் சிலந்தி)