பீர்மேட்டுச் சரிவுகளில் களைக்கொல்லி: பஞ்சாயத்தின் கண் எதுவரை எட்டும்?

தேயிலைத் தோட்டத்தில் எல்லாக் காலமும் ஒரே அளவில் களை முளைப்பதில்லை. செடிகள் அடர்ந்து மேற்பரப்பு மூடிவிட்டால் தரைக்கு வெயில் எட்டாது, களையும் அடங்கிப்போகும். கவாத்து வெட்டிய பிறகும், புதுக் கன்று நட்ட முதல் சில ஆண்டுகளிலும்தான் தர்ப்பைப் புல்லும் உண்ணிச்செடியும் மைக்கேனியா கொடியும் தலையெடுக்கின்றன. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு கேரளத்தின் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று என்பதால் அங்கே களை வளரும் வேகமும் அதிகம். வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் களை கொத்தியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பத்தினர் ஏராளம். ஆள் கிடைப்பது அரிதாகி, கூலிச் செலவு கூடியதும், முதுகில் சுமக்கும் தெளிப்பான் களைக்கொத்தின் இடத்தைப் பிடித்தது.

அந்தத் தெளிப்பானில் நிரப்பப்பட்ட களைக்கொல்லிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று பாராகுவாட். செடி ஒளிச்சேர்க்கை செய்யும்போது ஓடும் எலெக்ட்ரான்களை இது வழிமறித்து ஆக்சிஜனிடம் சேர்த்துவிடும். அதனால் உண்டாகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லின் சவ்வுகளைச் சிதைக்கின்றன. பட்ட இலை சில மணி நேரத்தில் கருகும். இதே வினை மனித நுரையீரலிலும் நடக்கக்கூடியது. சிறிதளவு விழுங்கினாலே நுரையீரல் திசு தழும்பேறி மூச்சு அடைபடும்; நச்சை முறிக்கும் மருந்து எதுவும் இல்லை. இலங்கை 2008 முதல் 2011 வரையில் இதைப் படிப்படியாக விலக்கியது. கேரள அரசு 2011-இல் தடை செய்த நச்சு மருந்துகளின் பட்டியலிலும் இது இருந்தது.

மற்றொன்று கிளைபோசேட். 1974-இல் சந்தைக்கு வந்த இந்த மருந்து மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை முடக்குகிறது. அந்தப் பாதை செடிகளிலும் பல நுண்ணுயிர்களிலும் உண்டு, விலங்குகளில் இல்லை. மனிதருக்குத் தீங்கற்றது என்று நெடுங்காலம் நம்பப்பட்டதற்கு இதுவே காரணம். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பிரிவில் இதைச் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமையும் அம்முடிவை ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

பீர்மேட்டைப் பொறுத்தவரை விவாதம் எப்படி முடிந்தாலும் மாறாத உண்மை ஒன்று உண்டு. கிளைபோசேட் மண்துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்ளும் தன்மையது. சமவெளியில் அது ஏறத்தாழ விழுந்த இடத்திலேயே கிடந்து மெல்லச் சிதையும். செங்குத்தான சரிவில் களை முழுவதும் கருகி வேர்ப்பிடிப்பு இல்லாமல் போன மண்மீது பெருமழை விழுந்தால், மண் கரைந்து ஓடும். மண்ணோடு மருந்தும் ஓடும். முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றைக் கடந்து இடுக்கி நீர்த்தேக்கத்துக்குச் செல்லும் பெரியாற்றில் தோட்டத்து ஓடைகள் பல கலக்கின்றன. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தண்ணீர் தரும் ஊற்றுகளும் இதே சரிவுகளில்தான் இருக்கின்றன. தரையைத் துடைத்துவைத்ததுபோல் களையை அழிப்பதே, எந்த மருந்தால் அழித்தாலும், மலைநிலத்துக்குக் கேடு. கவாத்துக் கழிவைத் தரையிலேயே பரப்பி வெயிலை மறைப்பதும், கொடியையும் புல்லையும் மட்டும் குறிவைத்து நீக்கி மென்மையான சிறுபூண்டுகளை விட்டுவைப்பதும் மண்ணைக் காக்கும் வழிகள்.

பூச்சிமருந்துகளுக்கான இந்தியச் சட்டம் பிறந்ததற்கே கேரளம் ஒரு காரணம். 1958-இல் கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தோடு சேர்த்து ஏற்றிவந்த உணவுப்பொருளில் மருந்து கசிந்து, அதை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் கேரளத்தில் மாண்டனர். அந்தத் துயரத்தை அடுத்து அமைந்த விசாரணையின் தொடர்ச்சியாக 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. களைக்கொல்லிகளும் இச்சட்டத்துக்குள்தான் அடங்கும். மருந்தைப் பதிவு செய்யும் அதிகாரம் மத்தியில் இருக்கிறது. 27-ஆம் பிரிவின்படி மாநிலம் தானாக ஒரு மருந்தை நிறுத்திவைக்கக்கூடியது 60 நாள். நீட்டித்தால் மொத்தம் இன்னும் 30 நாள். உரிமம் வழங்குவது மாநிலத்தின் கையில் இருப்பதால் விற்பனையைக் கட்டுப்படுத்த வேறு வழியும் உண்டு. 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல்வயலில் பூச்சிமருந்து தெளித்த தொழிலாளர் இருவர் இறந்தனர். அடுத்த மாதமே கேரள அரசு கிளைபோசேட்டின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. பாராகுவாட் கேரளத்தில் தடைபட்டிருந்தும் தேசிய அளவில் பதிவை இழக்கவில்லை. எல்லையூரான குமுளியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு விதி. எல்லையோர வட்டாரத்தில் தடையாணை மட்டும் போதாததற்கு இந்தப் பூகோளமே காரணம்.

இந்த அதிகார ஏணியில் கிராமப் பஞ்சாயத்துக்கு மருந்தைத் தடை செய்யும் படி இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஹட்சன் என்ற சிற்றூரின் மன்றம் 1991-இல் அழகுக்காகப் புல்வெளிகளில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தடுத்து விதி இயற்றியது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊர்மன்றத்தின் பக்கம் நின்றது. இந்தியாவில் இதற்கு நெருக்கமான முயற்சி பாலக்காட்டுப் பெருமாட்டிப் பஞ்சாயத்தினுடையது. நிலத்தடி நீரைக் காக்க வேண்டி, பிளாச்சிமடையில் இருந்த கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க 2003-இல் அது மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதே ஆண்டில் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005-இல் இரு நீதிபதி அமர்வு வேறு முடிவு எடுத்தது. ஆலையோ 2004-இலேயே இயங்காமல் நின்றிருந்தது.

தடுக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் கவனிக்கும் பொறுப்பு இன்னும் கூடுகிறது. இதைக் காசர்கோடு கற்பித்தது. அங்கே அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில் 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் வழக்கத்துக்கு மாறாகப் பெருகுவதைக் கவனித்து முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் எண்மகஜே பஞ்சாயத்துப் பகுதியில் பணியாற்றிய ஓர் உள்ளூர் மருத்துவர். மாவட்டச் சராசரியில் கரைந்துபோகும் நோய்க்கணக்கு ஒரு வார்டின் அளவில் பார்த்தால் கண்ணில் படும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் நிறுத்தியது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் தர 2017-இல் உத்தரவிட்டது.

கேரளத்தில் 1990-களின் அதிகாரப் பரவலாக்கலில் ஆரம்ப சுகாதார நிலையமும் வேளாண்மை அலுவலகமான கிருஷி பவனும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு மாறின. நோயைக் கவனிக்கும் அலுவலகமும் பயிர்மருந்தைக் கவனிக்கும் அலுவலகமும் ஒரே கூரையின் கீழ் வந்தன என்பதே இதன் பொருள். தெளிப்பு நடந்த வாரத்தில் கண்ணெரிச்சலும் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலுமாக வந்தவர்களின் பதிவேட்டைத் தெளிப்பு நாட்களோடு ஒப்பிடுவதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒப்பிட இரண்டாவது பதிவேடு வேண்டும், அவ்வளவுதான். அது தோட்டத்திடம் இருக்க வேண்டியது. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010-இல் சேர்த்த 18ஏ பிரிவு தோட்டத்தின் கடமைகளைத் தெளிவாகச் சொல்லியது: மருந்து கையாளும் தொழிலாளிக்குப் பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்க இடம், காலமுறை மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு; அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கும் உரிமை. பின்னர் அந்தச் சட்டத்தின் விதிகள் 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

மருந்துப் புட்டியின் மீதுள்ள நிற முக்கோணத்தையும் மக்கள் சரியாகப் படிக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. இந்த வரிசை உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே அளக்கிறது. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக உடலில் படுவதால் வரும் தீங்கை எந்த நிறமும் காட்டாது. பச்சையென்றால் பயமில்லை என்று எண்ணுவது தவறு.

பஞ்சாயத்து தன் கையிலிருக்கும் நிலத்தில் முன்மாதிரி காட்டுவதும் எளிது. சாலையோரப் புதர்களை அரிவாளால் வெட்டிவிடலாம். அங்கே மருந்துக்கு வேலையில்லை. பிரான்சு 2017 முதல் உள்ளாட்சிகள் பூங்காக்களிலும் சாலைகளிலும் பூச்சிமருந்து தெளிப்பதையே தடுத்துவிட்டது.

கேரளச் சட்டப்படி கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வார்டின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். லயத்தில் வாழும் தேயிலைத் தொழிலாளியும் அதில் அடக்கம். எந்தச் சரிவில், எந்த நாளில், எந்த மருந்து, ஓடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தெளிக்கப்பட்டது என்று அந்தக் கூட்டத்தில் கேட்கவும் பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லவும் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. பீர்மேட்டு வார்டுகள் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கேட்க வேண்டும்.