பெரட்டுக்கு நிற்கும் கணினிகள்

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடிவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்குப் பேர். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து நாவில் 'பெரட்டு' ஆனது. ரந்தாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் ரப்பர் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது இப்போது. உங்கள் தாத்தா பாட்டிக்கு அந்தச் சொல் மறந்திருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இணையத்திலும் நாள் முழுவதும் ஒரு பெரட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறிய நிரல் சர்வர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இந்த முடிவுகளை ஒரே பக்கத்தில் காட்டுவதை 'நிலைப் பக்கம்' என்று சொல்லலாம். வங்கி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று கணினியை நம்பியிருக்கும் எல்லா இடங்களிலும் இப்படி ஒரு பக்கத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இது நமக்கு எதற்கு? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இயங்கலை வகுப்பு பாதியில் அறுந்துபோகும். 'லைன் இல்லை, டீச்சர்' என்று ஒரு வரி அனுப்புவோம், அதுவும் போகாது. ஆனால் 'லைன் இல்லை' என்பது ஒரு நோய் அல்ல. வீட்டு ரவுட்டர் கெட்டிருக்கலாம். கோபுரத்திலிருந்து வரும் அலையைக் குன்று மறைக்கலாம், நனைந்த செம்பனை ஓலைகளும் குறைக்கலாம். வகுப்பு நடக்கும் தளமே விழுந்திருக்கலாம். எது என்று தெரியாமல் ரவுட்டரை பத்துத் தடவை அணைத்துப் போடுவதில் பயனில்லை.

இப்படிக் கூப்பிட்டுப் பார்க்கும் நிரல் ஒன்றை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்தவர். 1983 டிசம்பரில் அங்கே வலையமைப்பு ஒழுங்காக ஓடவில்லை. எங்கே கோளாறு என்று பார்க்க அவர் ஒரு சிறு நிரலை எழுதி, 'பிங்' என்று பெயர் வைத்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஒலி அது. சோனார் ஓர் ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். பிங் ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, அது திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் அது இருக்கிறது.

ஆனால் பிங்குக்குப் பதில் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பெரட்டில் குரல் கொடுத்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கொண்டவரும் கணக்கில் வந்தவர்தானே! ஒரு சர்வரில் பல சேவைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் 'போர்ட்' எனப்படும் ஒரு கதவு எண் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, பெயர் தேடும் சேவைக்கு 53, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. எனவே நல்ல நிரல் அந்தக் கதவைத்தான் தட்டும். கதவு திறந்தால் மட்டும் போதாது, பக்கத்தைக் கேட்டும் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் சர்வர் 200 என்ற எண்ணைத் தரும். உள்ளே ஏதோ உடைந்திருந்தால் 500, தற்போது சேவை தர முடியாவிட்டால் 503. இதற்கு நேர்மாறும் உண்டு. சில சர்வர்கள் பாதுகாப்புக்காகப் பிங்குக்கு வாயே திறப்பதில்லை, ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்.

பள்ளியில் பைத்தன் தொட்டுப் பார்த்தவர்கள் இப்படி ஒரு நிரலை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தால் போதும். நான்கு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை வீட்டு ரவுட்டர். அதன் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். இரண்டாவது, வெளியுலகில் எப்போதும் விழித்திருக்கும் ஓர் எண் முகவரி, 1.1.1.1 போல. மூன்றாவது, ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரி கிடைக்கிறதா என்ற சோதனை. நான்காவது, நீங்கள் படிக்கும் தளம்.

இப்போது சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் வரிசையே சிவப்பு என்றால் கோளாறு வீட்டுக்குள்தான்: மின்சாரம், கம்பி, வைஃபை. முதலாவது பச்சை, மற்றவை சிவப்பு என்றால் வீட்டுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் இடையிலான பாதையை முதலில் சந்தேகிக்கலாம். மூன்றாவதிலிருந்து சிவப்பு என்றால் சாலை இருக்கிறது, முகவரிப் புத்தகம்தான் கிடைக்கவில்லை. நான்காவது மட்டும் சிவப்பு என்றால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தேநீர் குடிக்கலாம்.

எழுதும்போது எல்லாரும் இடறும் இடம் காத்திருப்பு. பதில் வராத சர்வருக்காக நிரல் 30 விநாடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சர்வர்களும் விழுந்துவிட்டால் பக்கம் திறக்க 10 நிமிடம் ஆகும். எல்லாம் கெட்டுக் கிடக்கும் நேரத்தில்தான் அந்தப் பக்கம் அவசரமாகத் தேவைப்படும்! அதனால் 3 விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று கட்டளையிட வேண்டும். ஒரு தடவை பதில் வராததற்காக உடனே சிவப்பு போடாமல், மூன்று தடவை தொடர்ந்து தவறினால் போடுவது நல்லது.

சோதனையைத் தனியாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டு, முடிவை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் பக்கத்தில் காட்டுவது இன்னும் வசதி. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோதிக்கும் நிரலே நின்றுபோனால்? கோப்பில் கடைசியாக எழுதிய பச்சை அப்படியே இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் பச்சைதான். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் சோதித்த நேரத்தை அச்சிட வேண்டும். அந்த நேரம் 15 நிமிடத்துக்கு மேல் பழசாகிவிட்டால் விளக்கு தானாகச் சாம்பல் நிறமாகட்டும், 'தெரியவில்லை' என்று. என்னைக் கேட்டால், நிலைப் பக்கத்தில் மிக நேர்மையான நிறம் சாம்பல்தான். நிறத்தோடு சொல்லையும் எழுதுங்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்களும் வகுப்பில் இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வெர்ஜீனியாவில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தடைபட்டது. பராமரிப்பு வேலையின்போது ஒரு கட்டளையில் தவறான உள்ளீடு போய், நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுவிட்டன. அமேசானின் நிலைப் பக்கத்தில் அதை அறிவிக்கலாம் என்றால், அந்தப் பக்கத்தைத் திருத்தும் கருவியே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது! முதல் இரண்டு மணி நேரம் பக்கத்தில் தனித்தனிச் சேவைகளின் நிலையை மாற்ற முடியவில்லை. டுவிட்டரில் செய்தி போட்டார்கள்.

2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், வாட்சாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தவறான ஒரு பராமரிப்புக் கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. அதன் பெயர் தேடும் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் பாதை உலக வரைபடத்திலிருந்து அழிந்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் 'இருக்கிறேன்' என்றிருக்கும், வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு மௌனம்தான். எங்கிருந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. அதனால்தான் பெரிய தளங்களை ஒரே நேரத்தில் பல நாடுகளிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மஞ்சளும் வேண்டும்: பதில் வருகிறது, ஆனால் தாமதமாக. எவ்வளவு தாமதம் அதிகம்? இதற்கு இயற்பியல்தான் அளவுகோல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர், போய்வர ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. அமெரிக்காவின் மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர், போய்வரக் குறைந்தது 140 மில்லிவிநாடி. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க ஏறக்குறைய அரை விநாடி. இதற்குக் கீழே யார் நினைத்தாலும் குறைக்க முடியாது. எல்லா வரிசைக்கும் ஒரே மஞ்சள் எல்லை வைத்தால் தவறு.

5 நிமிடத்துக்கு ஒரு சோதனை என்றால் ஒரு நாளைக்கு 288 பதிவுகள், 30 நாளில் 8,640. '99 விழுக்காடு வேலை செய்கிறது' என்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி 1 விழுக்காடு ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கும் அதிகம். அந்த மூன்றரை நாளும் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் வாரத்தில் வந்தால் தெரியும் சங்கதி. ஆகவே சராசரியை மட்டும் பார்க்காமல், சிவப்பு எந்த நேரத்தில் விழுகிறது என்று பாருங்கள். தினமும் இரவு 8 மணிக்கு மஞ்சளானால் ஒரே கோபுரத்தில் கூட்டம் அதிகம் என்று ஊகிக்கலாம். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கதை வேறு. மின்சாரம் போகும்போதெல்லாம் என்றால் இன்னொன்று.

இந்தப் பதிவேடு கையில் இருந்தால் பேச்சு மாறும். 'தோட்டத்தில் லைன் சரியில்லை' என்று நிறுவனத்திடம் சொல்வதற்கும், எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ரவுட்டர் பச்சையாக இருக்கும்போதே வெளித்தொடர்பு அறுந்தது என்று பட்டியலை நீட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். தீரவில்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போகலாம். அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகள் ஒரே மாதத்தில் இப்படிப் பதிவு செய்தால், அது ஒரு வீட்டு ரவுட்டரின் கோளாறு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. கூப்பிடுவது 5 நிமிடத்துக்கு ஒரு முறையே இருக்கட்டும். அடுத்தவர் சர்வரில் எந்தக் கதவெல்லாம் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது வேறு செயல், அனுமதியில்லாமல் அதைச் செய்யக் கூடாது. உங்கள் நிலைப் பக்கத்தை வீட்டுக்கு வெளியே காட்டுவதாக இருந்தால் உள் முகவரிகளை எடுத்துவிட்டு, 'ரவுட்டர்', 'வெளித்தொடர்பு' என்று பெயர் மட்டும் போடுங்கள்.